ஆழிக்கருக்கல் சேலை

உலகத்தில் இல்லாத ஒரு நிறத்தைக் கண்டுபிடித்தவன் நான். இதில் பெருமைப்பட ஒன்றும் இல்லை. இருக்கிற நிறங்களையே எனக்குப் பிரித்துச் சொல்லத் தெரியாது. "கொடியில கெடக்குற அந்த அரக்குக் கலர் துண்ட எடுத்தாங்க" என்று என் மனைவி சொன்னால், நான் எதை எடுத்துக்கொண்டு போனாலும் அது அரக்காக இருக்காது. "ஒங்களப் போயி கதை எழுத விட்டிருக்காகளே" என்பாள். யாரும் விடவில்லை, நானாகத்தான் எழுதுகிறேன் என்று நானும் ஒவ்வொரு முறையும் விளக்கம் சொல்வேன்.

ராமநாதபுரம் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்துச் சந்தில் எனக்கு ஒரு செல்போன் கடை. ஸ்கிரீன் கார்டு ஒட்டுவது, சார்ஜர் விற்பது, "நெட்டு வரமாட்டேங்குது" என்று வருகிறவர்களின் போனை ஒருமுறை அணைத்துப் போட்டுத் தருவது, இதுதான் தொழில். மதியத்துக்கு மேல் எங்கள் ஊர் வெயிலில் நாய்கூட ரோட்டைக் கடக்க யோசிக்கும். அந்த நேரத்தில் கதைகள் போடுகிற ஒரு செயலியில் தொடர்கதை எழுத ஆரம்பித்தேன். கதை நடக்கிற இடம் வெண்மணல் தேசம். அங்கே ராணிகள் ஆள்வார்கள், வாள் பேசும், திமிங்கிலத்துக்கு முன்கோபம் வரும். என் கடையில் ஒன்றுமே நடப்பதில்லை என்பதால் அங்கே எல்லாவற்றையும் நடக்க விட்டேன்.

ராணிக்கு முடிசூட்டும் அத்தியாயம் வந்தது. அவளுக்கு ஒரு பட்டுச் சேலை வேண்டும், அதற்கு ஒரு நிறம் வேண்டும். எனக்கோ ஒன்றும் தோன்றவில்லை. அந்த வாரம் ஒரு வேலையாகத் தொண்டிக்குப் போனவன், வீட்டுக்குக் கணவாய் வாங்கிக்கொண்டு பஸ் ஏறினேன். பையை மடியில் வைத்திருந்தேன். ஊர் வந்து எழுந்து நின்றபோதுதான் தெரிந்தது, கணவாயின் மை மொத்தமும் என் வேட்டியில் இறங்கியிருந்தது. மனைவி சோப்புப் போட்டாள், எலுமிச்சம்பழம் தேய்த்தாள், பிளீச்சிங் பவுடரில் ஊற வைத்தாள். கறை லேசானதே தவிரப் போகவில்லை. கறுப்பும் இல்லை, நீலமும் இல்லை, தவிட்டு நிறமும் இல்லை. "இதையே கட்டிட்டு ஊருக்குப் போங்க. கேட்டா புது பேஷன்னு சொல்லுங்க" என்று என் மேல் எறிந்தாள். அந்தக் கறைதான் வெண்மணல் தேசத்தில் 'ஆழிக்கருக்கல்' என்ற பெயரில், மூவுலகத்திலும் விலை உயர்ந்த சாயமாகப் போய் உட்கார்ந்தது.

அதைக் கூச்சமே இல்லாமல் உயர்த்தினேன். ஆழிக்கருக்கல் ஒரு பாசியிலிருந்து வருகிறது. அந்தப் பாசி, கப்பலின் நிழல் விழுந்த இடத்தில் மட்டும்தான் முளைக்கும். வெண்மணல் தேசத்துக் கடலிலோ கப்பலே ஓடாது. "கப்பல் ஓடாத கடல்ல நிழல் எப்படி சார் விழும்?" என்று ஒரு வாசகர் கேட்டார். "அதனால்தான் விலை அதிகம்" என்று பதில் போட்டேன். அவர் இதயம் ஒன்றைப் போட்டுவிட்டுப் போய்விட்டார். எழுத்தாளனாக இருப்பது இவ்வளவு சுலபம் என்று எனக்கு முன்பே தெரியாமல் போய்விட்டது.

ஆனால் ஒரு சிக்கல். நிறம் எப்படி இருக்கும் என்று எல்லோரும் கேட்க ஆரம்பித்தார்கள். மயில் கழுத்தா, நாவல் பழமா, மழைக்கு முந்தின மேகமா? கணவாய் மை பட்ட வேட்டி மாதிரி இருக்கும் என்று எப்படிச் சொல்வது? யோசித்து யோசித்து ஒரு சட்டம் போட்டேன். ஆழிக்கருக்கல் உடுத்தியவரை யாரும் ஏறிட்டுப் பார்க்கக் கூடாது. அவர் வரும்போது சபை முழுவதும் தலை குனிய வேண்டும். யாரும் பார்க்காத நிறத்தை நான் வர்ணிக்க வேண்டியதில்லை அல்லவா? வேலை மிச்சம். வாசகர்களோ "என்ன ஒரு கற்பனை!" என்று கை கூப்பினார்கள்.

இத்தனை வாசகர்களில் ஒரே ஒருத்திதான் ஒழுங்காகப் படித்தாள். என் அக்காள் மகள். அக்காளை முதுகுளத்தூருக்கும் கமுதிக்கும் நடுவில் ஒரு கிராமத்தில் கட்டிக் கொடுத்திருக்கிறது. மச்சானுக்கு மிளகாய் விவசாயம், கூடவே வத்தல் கமிஷன் வியாபாரம். மருமகள் பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் அக்காள் போனை எடுத்து என் அத்தியாயத்தைப் படிப்பாள், உடனே குரல் பதிவு அனுப்புவாள். "மாமா, போன வாரம் வாளு பேசுச்சு, இந்த வாரம் ஏன் பேசல?" நான் மறந்துபோயிருப்பேன். "அதுக்குத் தொண்டை கட்டிருச்சு" என்பேன். "சரி, அதையாச்சும் எழுதுங்க" என்பாள். அவளுக்குப் பயந்துதான் நான் கொஞ்சமாவது ஒழுங்காக எழுதினேன்.

ஒரு நாள் அக்காள் போன் செய்தாள். மருமகள் பெரிய மனுஷி ஆகிவிட்டாளாம். சந்தோஷம் என்றேன். அடுத்த நிமிடமே மச்சான் போனை வாங்கிக்கொண்டார். கமுதியில் மண்டபம், பந்தல், எல்இடி திரை, மேலேயிருந்து படம் எடுக்க டிரோன், எல்லாம் பேசி முடித்துவிட்டாராம். "மாப்ள, தாய்மாமன் சீரு மட்டும் கொறையா இருக்கக் கூடாது பாத்துக்க. எங்க சொந்தத்துல நாக்கு நீளம்" என்றார். அவர் சொந்தத்தின் நாக்கை நான் அறிவேன், அதில் பாதி அவருடையது.

எங்கள் பக்கத்துச் சடங்கில் மாமன் சேலைதான் பெரிது. தண்ணீர் ஊற்றியதும் தாய்மாமன் கொண்டுவந்த சேலையைத்தான் பெண் உடுத்த வேண்டும். தாய்மாமன் மாலை போட்ட பிறகுதான் சபையில் உட்கார முடியும். அது வரைக்கும் கலெக்டரே வந்தாலும் காத்திருக்க வேண்டியதுதான். கலர் என்ன எடுக்க என்று அக்காளிடம் கேட்டேன். "அவகிட்டக் கேட்டேன்டா. ஆழி என்னமோவாம்ல. ஒங்க மாமாவுக்குத் தெரியும்ங்குறா. அது எந்தக் கடையில கெடைக்குது?" என்றாள்.

எனக்குத் தலைகால் புரியவில்லை, சந்தோஷத்தில். ஊரில் ஒரு பயலும் மதிக்காத என் எழுத்தை ஒரு பிள்ளை உடுத்திக்கொள்ள ஆசைப்படுகிறாள் என்றால் சும்மாவா? மனைவியிடம் சொன்னேன். "அந்த வேட்டிய நான் கரித்துணியாக்கிட்டேனே, வேணும்னா அதைக் கிழிச்சுத் தாவணி தச்சுக் குடுங்க" என்றாள். ஆனாலும் கூட வந்தாள்.

ராமநாதபுரத்தில் இருக்கிற கடைகளை எல்லாம் பார்த்துவிட்டுப் பரமக்குடிக்குப் போனோம். அங்கே ஒரு கடைக்காரர், "என்ன கலர்னு மட்டும் சொல்லுங்க சார், எடுத்துப் போடுறேன்" என்றார். "கறுப்பும் இல்ல, நீலமும் இல்ல, தவிட்டுக் கலரும் இல்ல" என்றேன். "அப்ப மாம்பழ மஞ்சள் பாக்குறீங்களா?" என்றார். ஆனந்தா ப்ளூ, ராமர் பச்சை, வாடாமல்லி, கத்தரிப்பூ, காப்பர் சல்பேட், ராணி பிங்க் என்று விரித்துக்கொண்டே போனார். நான் ஒவ்வொன்றுக்கும் தலையை ஆட்டினேன். கடைசியில் பொறுமை போய், "அந்தக் கலருக்குப் பேரு என்னதான் சார்?" என்றார். "ஆழிக்கருக்கல்" என்றேன். ஒரு நொடிகூடத் தயங்கவில்லை மனிதர். ஏற்கனவே விரித்துப்போட்டிருந்த கத்தரிப்பூச் சேலையை மறுபடி எடுத்து என் மடியில் போட்டு, "இதான் சார் அது. மொதல்லயே சொல்லக் கூடாதா? இப்ப இதுதான் ஓடுது" என்றார்.

மனைவி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். நான் அந்தச் சேலையைப் படம் எடுத்து மருமகளுக்கு அனுப்பி, இந்தக் கலர் சரியா என்று கேட்டேன். பதில் உடனே வந்தது. "எந்தக் கலரா இருந்தாலும் பரவால்ல மாமா. ஆனா இது ஆழிக்கருக்கல்னு எல்லாருக்கும் முன்னாடி மைக்குல சொல்லணும். மறந்துராதீங்க." என் பெயரை ஊருக்குத் தெரியப்படுத்த நினைக்கிறாள் என்று நினைத்தேன். மனைவியிடம் இரண்டு தடவை வாசித்துக் காட்டினேன்.

சடங்கு அன்று மேளதாளத்தோடு சீர் கொண்டு போனோம். மண்டப வாசலிலேயே பிளெக்ஸ் பேனர். அதில் மருமகள் கிரீடம் வைத்துச் சிம்மாசனத்தில் இருந்தாள், இரண்டு பக்கமும் புலி. மச்சான் கறுப்புக் கண்ணாடியோடு அவளைவிடப் பெரிதாக நின்றார். பிள்ளை பெரிய மனுஷி ஆனதில் அவருடைய பங்கு என்ன என்று பேனரைப் பார்த்தால் புரியவில்லை. ஒரு மூலையில் என் வாக்காளர் அட்டைப் படத்தைப் போட்டு 'தாய்மாமன்' என்று எழுதியிருந்தார்கள். போலீஸ் தேடுகிற ஆள் என்று நினைத்து யாராவது தகவல் கொடுத்திருந்தால்கூட ஆச்சரியப்பட்டிருக்க மாட்டேன்.

உள்ளே மைக்கைப் பிடித்திருந்தவர் மச்சானின் பெரியப்பா. நான் அவரைப் பெரிய மாமா என்று கூப்பிடுவேன். அந்தப் பக்கத்தில் எந்த விசேஷம் என்றாலும் முறை சொல்ல அவர்தான். எந்தத் தாம்பாளம் முதலில் போக வேண்டும், தேங்காயின் குடுமி எந்தத் திசையைப் பார்க்க வேண்டும், எந்தக் காலை எடுத்து வைக்க வேண்டும், எல்லாம் அவருக்குத் தெரியும். தெரியாததும் தெரியும். "எங்க அய்யா சொல்லிருக்காரு" என்று ஆரம்பித்தால் அதற்கு மேல் அப்பீல் கிடையாது. ஒரு கல்யாணத்தில் கேக் வெட்டுவதற்கே எங்க அய்யா காலத்து முறை சொன்னவர் அவர்.

மாலையை எடுத்துக்கொண்டு மணப்பெண் அறைப் பக்கம் போனேன். மருமகளுக்குச் சேலை கட்டி முடித்திருந்தார்கள். அத்தனை நகையும் பூவும் போட்டு, கழுத்தைத் திருப்ப முடியாமல் உட்கார்ந்திருந்தாள். என்னைப் பார்த்ததும் சுற்றியிருந்த பெண்களை வெளியே போகச் சொன்னாள். அவர்கள் என் அக்காளைப் பார்த்தார்கள். "மாமாகிட்ட ஏதோ சொல்லணுமாம், போங்க" என்று அக்காள் அவர்களை அனுப்பிவிட்டு, தானும் போய்விட்டாள்.

"மாமா, சொல்லிட்டீங்களா?"

"எதைத் தாயி?"

"இது ஆழிக்கருக்கல்னு."

"மேடையில சொல்லிருவோம். கதை எழுதுனது இன்னாருன்னும் சேத்துச் சொல்லிருவோம்."

"அது இல்ல மாமா. சட்டத்தச் சொல்லணும். கருக்கல் உடுத்துனா யாரும் பாக்கக் கூடாதுல்ல? எல்லாரும் குனியணும்ல?"

நான் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை. "வீட்டுக்கு வாரவுக எல்லாம் என்னையக் கூப்பிட்டு முன்னாடி நிறுத்தி வச்சுப் பாக்குறாக மாமா. கடைக்காரத் தாத்தா கூட 'ஆளாயிட்டா'ன்னு பாக்குறாரு. பள்ளிக்கூடத்துப் பயலுவ கூட வாசல்ல பேனரப் பாத்துட்டு நிக்கிறானுவ. இன்னைக்கு மண்டபம் பூரா பாக்கும், டிவியில வேற பெருசாக் காட்டுவாக. அம்மாகிட்டச் சொன்னா, எல்லாருக்கும் நடக்குறதுதான்டிங்குது. அப்பாகிட்டச் சொல்ல முடியாது. ஒங்க கதையில மட்டுந்தான் பாக்கக் கூடாதுன்னு இருக்கு." கொஞ்ச நேரம் வளையலைச் சுற்றிக்கொண்டிருந்தாள். பிறகு சொன்னாள், "வரட்டும், சாப்பிடட்டும். என்னையப் பாக்காமச் சாப்பிட்டுப் போகச் சொல்லுங்க மாமா."

பரமக்குடி வரைக்கும் போய் நான் நிறத்தைத் தேடியிருக்கிறேன். இவள் கேட்டது நிறமே இல்லை. என் கதையிலேயே அக்கறை இல்லாமல் எழுதிய வரி ஒன்று உண்டென்றால் அது அந்தச் சட்டம்தான். அதை இந்தப் பிள்ளை கெட்டியாகப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது. வெளியே மச்சான் "சபையோர் எல்லாரும் திரையப் பாருங்க, புள்ள வரப் போகுது" என்று சொல்லிக்கொண்டிருந்தது கேட்டது. கோபம் கோபமாக வந்தது. மாலையைக் கையில் வைத்துக்கொண்டு நேராக மேடைக்குப் போய் பெரிய மாமாவிடம் மைக்கைக் கேட்டேன். மாமன் கேட்டால் கொடுத்துத்தான் ஆக வேண்டும். கொடுத்தார்.

"பெரியவுகளுக்கு வணக்கம்" என்றேன். குரல் நடுங்கியது. "நான் கொண்டாந்த சேலை ஆழிக்கருக்கல் சேலை. எங்க வகையறாவுல இதுக்குன்னு ஒரு வழக்கம் இருக்கு. கருக்கல் உடுத்துன புள்ள சபைக்கு வரும்போது யாரும் ஏறிட்டுப் பாக்கக் கூடாது. எல்லாரும் தலை குனியணும். படமும் எடுக்கக் கூடாது. அந்த வழக்கத்த மதிச்சாத்தான் நான் மாலை போடுவேன்."

பந்தியில் அப்பளம் நொறுங்குகிற சத்தம்கூடக் கேட்டது. மச்சான் பாய்ந்து வந்தார். "ஏலே மாப்ள, என்னலே இது புதுசா? எல்இடிக்கு அட்வான்ஸ் குடுத்திருக்கேன்லே!" என்றார் பல்லைக் கடித்துக்கொண்டு. எல்லோரும் பெரிய மாமாவைப் பார்த்தார்கள். அப்படி ஒரு வழக்கம் உண்டா இல்லையா என்று சொல்ல வேண்டியவர் அவர்தானே? இல்லை என்று ஒரு வார்த்தை அவர் சொன்னால் கதை முடிந்தது.

ஆனால் இல்லை என்று சொல்ல வேண்டுமென்றால், மண்டபம் நிறையச் சனத்துக்கு நடுவில் தனக்குத் தெரியாத ஒரு வழக்கம் இருக்கிறது என்று அவர் ஒப்புக்கொண்டதாக ஆகும். தொண்டையைச் செருமினார். வெற்றிலையை ஒரு கன்னத்திலிருந்து இன்னொரு கன்னத்துக்கு மாற்றினார். "மாப்ள சொல்றது நெசந்தேன். ஆழிக்கருக்கல்னா சும்மாவா? எங்க அய்யா சொல்லிருக்காரு. இப்ப உள்ளவுகளுக்கு எங்கன தெரியுது?" என்று சொல்லிவிட்டு, முதல் ஆளாகத் தலையைக் குனிந்தார்.

அவ்வளவுதான். அத்தனை பேரும் குனிந்தார்கள். படம் எடுக்கிறவர் கேமராவைத் தரைக்குத் திருப்பினார். அதை அணைக்க யாருக்கும் தோன்றாததால் எல்இடி திரையில் அவருடைய செருப்பு மிகப் பெரிதாகத் தெரிந்தது. மருமகள் வந்தாள். நானும் குனிந்தபடியே மாலையை நீட்ட, அவளே தலையைக் கொடுத்து வாங்கிக்கொண்டாள். உடனே போய் உட்காரவில்லை. நிதானமாக மண்டபத்தை ஒரு சுற்றுச் சுற்றி வந்தாள். கொலுசுச் சத்தத்தை வைத்து அவள் எங்கே போகிறாள் என்று எல்லோரும் தெரிந்துகொண்டார்கள். "எத்தனை வழுக்கை மாமா நம்ம சொந்தத்துல! அப்பாவுக்குக் கூட உச்சியில இருக்கு" என்று பிறகு என்னிடம் சொன்னாள். அன்று முழுவதும் அவள் சிரித்த முகமாக இருந்தாள் என்று அக்காள் சொல்லி அழுதாள். எனக்கும் கண் கலங்கிவிட்டது, மறைத்து என்ன ஆகப் போகிறது?

கதை அதோடு முடிந்திருந்தால் நான் ஒரு நல்ல மாமன் என்று எழுதிவிட்டுப் போயிருப்பேன். எங்கள் பக்கத்தில் ஒரு வழக்கம் பிறந்துவிட்டால் அது சும்மா இருக்காது. அடுத்த முகூர்த்த மாதங்களில் பத்திரிகைகளிலேயே 'ஆழிக்கருக்கல் சாத்துதல்' என்று நேரம் போட்டு அச்சடிக்க ஆரம்பித்தார்கள். பரமக்குடிக் கடைக்காரர் கத்தரிப்பூச் சேலைகளுக்குத் தனி அலமாரி வைத்து அதே பெயரில் பலகை மாட்டியிருப்பதாக மனைவி பார்த்துவிட்டு வந்து சொன்னாள். என் தொடர்கதைக்கு மட்டும் ஒரு வாசகர்கூடக் கூடவில்லை.

பெரிய மாமாவின் மகள் வீட்டில் சடங்கு வந்தது, முதுகுளத்தூரில். அந்த வீட்டுப் பிள்ளை எங்கள் மருமகளைவிட ஒரு வகுப்புச் சின்னவள். "அக்கா, எனக்கும் கருக்கல்தான் எடுக்குறாக. என்னையவும் யாரும் பாக்க மாட்டாகல்ல?" என்று போனில் கேட்டிருக்கிறாள். "பாக்கவே மாட்டாக, நான் பொறுப்பு" என்று சொல்லியிருக்கிறாள் எங்கள் ஆள். அக்காள் வீட்டுக்குப் போய் அங்கிருந்து எல்லோரும் பஸ்ஸில் போகும்போது இதை என்னிடம் சொன்னாள், தன் வீட்டு விசேஷம் மாதிரி பூரித்துப் போயிருந்தாள்.

மண்டபத்துக்குள் நுழைந்தால், அந்தப் பிள்ளை மேடையில் நிற்கிறது. கத்தரிப்பூச் சேலை. முந்தானையைத் தலைக்கு மேல் இழுத்துவிட்டு, நாடி நெஞ்சில் படுகிற மாதிரி குனிந்து நிற்கிறது. முன்னால் சனம் போனை நீட்டிக்கொண்டு இஷ்டத்துக்குப் பார்க்கிறது, படம் எடுக்கிறது. பெரிய மாமா மைக்கில் முழங்கிக்கொண்டிருந்தார். "கருக்கல் உடுத்துன புள்ள சபையில தலை நிமிரக் கூடாது. இது ராசா காலத்து வழக்கம்." பிள்ளையின் மூக்கு நுனியிலிருந்து வேர்வை சொட்டியது. அது வேர்வை மட்டும்தானா என்று எனக்குத் தெரியவில்லை.

மேடை ஓரத்துக்கு ஓடினேன். "பெரிய மாமா, மாத்திச் சொல்றீக. புள்ள குனியக் கூடாது. பாக்குறவுகதான் குனியணும்."

மைக்கைக் கையால் மூடிக்கொண்டு என்னைப் பார்த்தார். "ஏலே, ஒனக்கு என்ன தெரியும்? நேத்துப் பொறந்த பய."

"மாமா, அந்த வழக்கத்த எழுதுனதே நான்தான். என் கதையில வருது."

"எங்க அய்யா சொன்னத நீ எழுதுனியாக்கும்? வந்துட்டான் செல்போனு விக்கிறவன்" என்றார், இந்தத் தடவை மைக்கை மூடாமல். மண்டபம் கொல்லென்று சிரித்தது. மச்சான் எல்லோரையும்விடச் சத்தமாகச் சிரித்தார். என் வாழ்க்கையில் நான் கண்டுபிடித்த ஒரே விஷயத்தைப் பற்றிய வாக்குவாதத்தில், அதைக் கண்டுபிடித்தவன் என்ற ஒரே காரணத்துக்காகத் தோற்றேன். மேடையில் நிற்கிற பிள்ளை ஓரக்கண்ணால் எங்கள் மருமகளைத் தேடிக்கொண்டிருந்தது.

அப்போது மருமகள் என்னைத் தாண்டிப் போனாள். மேடை ஏறினாள். சண்டை போடப் போகிறாள் என்று அக்காள் பதறினாள். அவளோ பெரிய மாமாவின் பக்கத்தில் போய்ப் பணிவாக நின்று, "தாத்தா, மைக்க ஒரு நிமிசம் குடுங்க. நீங்க சொன்னதத்தான் சொல்லப் போறேன்" என்றாள். தன்னைப் பற்றி யாராவது பேசப் போகிறார்கள் என்றால் அவர் எதையும் கொடுப்பார்.

"எல்லாருக்கும் வணக்கம்" என்றாள். அவள் குரல் நடுங்கவில்லை. "எங்க தாத்தா சொன்னது சரிதான். கருக்கல் உடுத்துன புள்ள குனிஞ்சுதான் நிக்கணும். ஆனா மாமன் மாலை போடுற வரைக்குந்தான். மாலை விழுந்ததும் புள்ள நிமிரணும், சபை குனியணும். அப்பவும் குனியாமப் பாத்தவுக வீட்டு மொளகா, அந்த வருசம் களத்துலயே அழுகிப் போயிரும். ஒரு வத்தல் தேறாது. இதத் தாத்தாவோட அய்யா சொல்லிருக்காரு. தாத்தாதான் எனக்குச் சொன்னாரு." அவரைத் திரும்பிப் பார்த்தாள். "சொன்னீகள்ல தாத்தா?"

மண்டபத்தில் இருந்தவர்களில் பாதிப் பேர் மிளகாய் போட்டிருந்தார்கள். மீதிப் பேர் மிளகாய் போட்டவர்களுக்குச் சொந்தக்காரர்கள். எல்லோரும் பெரிய மாமாவைப் பார்த்தார்கள். அவர் வெற்றிலையை இந்தக் கன்னத்திலிருந்து அந்தக் கன்னத்துக்கு மாற்றினார். பிறகு இந்தப் பக்கமே கொண்டுவந்தார்.

"சொல்லிருக்கேன்" என்றார். "மறந்துபோச்சு பாரு. வயசாயிருச்சுல்ல."

அந்தப் பிள்ளையின் மாமன் அவசர அவசரமாக மாலையைப் போட்டார். போட்ட வேகத்தில் தானும் குனிந்துகொண்டார். போன்கள் எல்லாம் சட்டைப் பைக்குள் போயின. என் மச்சான் குனிந்ததோடு நில்லாமல் கண்ணையும் இறுக மூடிக்கொண்டார், அவருக்குக் களத்தில் அப்போது நிறைய வத்தல் காய்ந்துகொண்டிருந்தது. நானும் குனிந்தேன். எனக்கு மிளகாய் கிடையாது, ஆனாலும் குனிந்தேன். மேடையில் இரண்டு பிள்ளைகள் சிரிக்கிற சத்தம் கேட்டது. முதலில் அடக்கிக்கொண்டு, பிறகு அடக்க முடியாமல்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் அவள் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். "ஏன் தாயி, மொளகா எங்க என் கதையில வருது?" என்றேன்.

"வரல மாமா. நான்தான் சேத்தேன்" என்றாள் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு. "நீங்க வெறும் சட்டம் மட்டும் எழுதியிருந்தீக. அதுல பயமே இல்ல. இவுகளுக்கு அது பத்தாது."